மாரியில் தோணி எடுக்கிறவர்களுக்கு

போன மார்கழியில் ஒரு விடியற்காலை, வாவிக்கு இறால் பிடிக்கப் போன ஐம்பது வயதுக்காரர் ஒருவரை ஓட்டோவில் கொண்டுவந்தார்கள். நடுச்சாமத்தில் கண்டல் ஓரமாக வலை வீசும்போது தோணி கவிழ்ந்து, விடியும் வரைக்கும் அதையே பிடித்துக்கொண்டு தண்ணீரில் கிடந்திருக்கிறார். "ஒண்டுமில்ல டொக்டர், லேசா விறைக்குது" என்றார், வாய் குழறியது. கமக்கட்டில் வைத்த வெப்பமானியில் ரசம் ஏறவேயில்லை. பழுதாக்கும் என்று தாதி இன்னொன்று கொண்டுவந்தார், அதுவும் ஏறவில்லை. காய்ச்சல் பார்க்கிற அந்த வெப்பமானியின் கோடுகளே 35 பாகையில்தான் தொடங்குகின்றன, அவருடைய உடம்பு அதற்கும் கீழே போயிருந்தது.

மட்டக்களப்பில் என்ன பெரிய குளிர் என்று கேட்பீர்கள். வாவித் தண்ணீர் 26, 27 பாகையில் இருக்கும், உடம்பு 37. அதே சூட்டில் உள்ள காற்றைவிடத் தண்ணீர் உடம்புச் சூட்டைக் கிட்டத்தட்ட 25 மடங்கு வேகமாக இழுத்துவிடும், அதோடு வாடைக்காற்று, ஈரச் சாரம், வெறும் வயிறு எல்லாம் சேர்ந்தால் ஒரு இரவு போதும். முதலில் போவது விரல்கள். வலைக்கயிற்றை அவிழ்க்க வராது, கவிழ்ந்த தோணியில் ஏறக் கை பிடிக்காது. நன்றாக நீந்தத் தெரிந்தவரும் தாழ்வது இப்படித்தான்.

எனக்குப் பெரிய கவலை சாராயம். அவரைக் கரையேற்றியவர்களும் சூடேறட்டும் என்று அதைத்தான் கொடுத்திருக்கிறார்கள், பாசத்தில் செய்ததுதான். ஆனால் குடித்ததும் உள்ளே இருக்கிற சூடான இரத்தம் தோலுக்கு வரும், நமக்குச் சூடேறுகிற மாதிரி இருக்கும், உண்மையில் சூடு வெளியே போய்க்கொண்டிருக்கும். தயவுசெய்து போகும்போதும் வேண்டாம், வந்த பிறகும் வேண்டாம்.

ஈர உடுப்பைக் கழற்றித் துடைத்து, தலையையும் சேர்த்து உலர்ந்த போர்வையால் சுற்றுங்கள். நல்ல நினைவோடு விழுங்கக்கூடியவர் என்றால் சீனி கூடப் போட்ட சூடான பிளேன்டீ கொடுக்கலாம். கை கால்களைத் தேய்க்க வேண்டாம், நெருப்புக்குப் பக்கத்தில் இருத்தவும் வேண்டாம். நடுக்கம் நின்றுவிட்டது, ஆளும் சோர்ந்து உளறுகிறார் என்றால் அது சுகமாவதன் அறிகுறி இல்லை, படுக்கவைத்து உடனே 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம்.

அப்புறம், லைஃப் ஜக்கெட். கயாக் ஓட்ட வருகிற பொடியன்கள் போடுகிறார்கள், பிறந்ததிலிருந்து வாவியில் கிடக்கிற நம் ஆட்கள் போடுவதில்லை. போனையும் ஒரு மாற்றுச் சாரத்தையும் பொலித்தீன் பையில் இறுக்கிக் கட்டித் தோணியிலேயே பிணைத்து வையுங்கள், தனியே போகாதீர்கள், கவிழ்ந்தால் கரை கிட்டத்தானே என்று தோணியை விட்டு நீந்தாதீர்கள். வாவி கடலோடு சேருகிற முகத்துவாரத்தில் மணல்திட்டை வெட்டித் திறந்திருக்கிற நாட்களில், அதன் கிட்ட உள்ள பாலமீன்மடுப் பக்கம் நீரோட்டம் கடலுக்கு இழுக்கும், அந்த நாட்களில் அங்கே சின்னத் தோணியோடு போகவே வேண்டாம்.

இரண்டு மூன்று கிழமைக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் உளைவும் வந்தால், வாவியில் இறங்கியதை டொக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மாரித் தண்ணீரில் எலிக்காய்ச்சலும் வரும்.