தியேட்டர் நாள் பறிபோனால் சர்ஜன் ஏன் ஒதுங்குகிறார்?

ஒரு சர்ஜனுக்கு வாரம் இரண்டு நாள் ஆபரேஷன் தியேட்டர் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அதில் ஒரு நாளை நிர்வாகம் எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கிறது. அதன்பின் அவர் தொற்றுத் தடுப்புக் குழுக் கூட்டத்துக்கு வருவதை நிறுத்திவிடுகிறார்; குறை கண்டாலும் சொல்வதில்லை. நோயாளிகளை மட்டும் முன்போலவே கவனிக்கிறார். மருத்துவமனை மீது மருத்துவருக்கு இருக்கும் பிடிப்பு பெரும்பாலும் இப்படிச் சத்தமில்லாமல்தான் தளரும்.

நாள் போனதைவிட, அது போன விதம்தான் அவரை அதிகம் சுடும். நியாயமான நடைமுறைக்கு ஆறு அளவுகோல்களை 1980இல் உளவியலாளர் ஜெரால்டு லெவந்தால் வகுத்தார்: எல்லோருக்கும் ஒரே விதி, பாரபட்சமின்மை, சரியான தகவல், தவறைத் திருத்த வழி, பாதிக்கப்படுவோரின் குரல், அறநெறி. தியேட்டர் ஒதுக்கீட்டில் எளிதில் சறுக்கும் இடம் தகவல்தான்.

கணக்கைப் பாருங்கள். ஒதுக்கிய 480 நிமிடத்தில் 330 நிமிடம் ஆபரேஷன் நடந்தால் பயன்பாடு 69%. நிர்வாகம் வைத்த வரம்பு 75% என்றால் நாள் பறிபோகும். கேஸ்களுக்கு இடையே தியேட்டரைச் சுத்தம் செய்து தயார்படுத்திய 40 நிமிடத்தையும் சேர்த்தால் அதே நாள் 77%! ஐ.சி.யு. படுக்கை இல்லாமல் ரத்தான கேஸும், மயக்க மருந்து கொடுப்பதில் ஏற்பட்ட தாமதமும்கூட சர்ஜன் தலையில்தான் விழும். ஆகவே எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதை சர்ஜன்களோடு பேசி முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். ரத்தான ஒவ்வொரு கேஸுக்கும் காரணம் பதிவாக வேண்டும். முடிவெடுக்கும் முன் கணக்கை அவரிடமே காட்டி, மறுப்புச் சொல்லச் சில வாரம் தர வேண்டும். துறையின் மூத்தவருக்கும் அதே வரம்புதான். இதில் விலக்கு கொடுத்தால் மற்றதெல்லாம் வீண். முறை நியாயமாக இருந்தால் பாதகமான முடிவையும் மனிதர்கள் ஏற்பார்கள் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட உண்மை.

இதையெல்லாம் செய்ய வேண்டியவர் யார்? அன்றாடம் பார்க்கும் துறைத் தலைவர். அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் 2,813 மருத்துவர்கள் தங்கள் நேரடி மேலாளருக்கு மதிப்பெண் போட்டார்கள். கருத்தைக் கேட்கிறாரா, மாற்றங்களை முன்பே சொல்கிறாரா, மரியாதையாக நடத்துகிறாரா என்பது போன்ற கேள்விகள். 2015இல் வெளியான முடிவின்படி, 60 புள்ளி அளவில் ஒரு புள்ளி கூடும்போதெல்லாம் பணிச்சோர்வுக்கான வாய்ப்பு 3.3% குறைவாகவும், நிறுவனத்தின் மீது திருப்திக்கான வாய்ப்பு 9% அதிகமாகவும் இருந்தது. துறைக்குத் துறை திருப்தியில் தெரிந்த வேறுபாட்டில் 47% தலைவரின் மதிப்பெண்ணோடு சேர்ந்தே ஏறி இறங்கியது. பணிச்சோர்வில் அது 11% மட்டுமே. ஒரே நேரத்தில் எடுத்த கணக்கெடுப்பு என்பதால் இதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் நல்ல தலைவரால் வேலைப்பளுவின் களைப்பைப் போக்க முடிவதைவிட, நிறுவனத்தின் மீது நம்பிக்கையைக் காக்க முடிவது அதிகம் என்றே நான் இதைப் படிக்கிறேன்.

களைப்புக்கு வேலையையே குறைக்க வேண்டும். அமெரிக்காவின் ஹவாய் மாநிலத்தில் மருத்துவமனைகளை நடத்தும் ஹவாய் பசிபிக் ஹெல்த் 2017 அக்டோபரில் மின்னணு மருத்துவப் பதிவேட்டில் எதெல்லாம் தேவையற்றது என்று ஊழியர்களையே கேட்டது. அந்தப் பதிவேட்டில் மருத்துவர்களுக்கு மிக அடிக்கடி வந்துகொண்டிருந்த 12 எச்சரிக்கைகளில் 10 நீக்கப்பட்டன.