ஏற்றம் வந்ததும் நண்பர்கள் ஏன் பிரிகிறார்கள்?

சமதளச் சாலையில் இருவர் சைக்கிளில் நெடுந்தூரம் போகும்போது, வலுக் குறைந்தவர் மற்றவரின் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே நாள் முழுவதும் ஓட்டிவிடலாம். மலைச்சாலை தொடங்கி அரைமணி நேரம் ஆகட்டும். ஒருவர் மேலே ஏதோ ஒரு வளைவில் மறைந்திருப்பார், மற்றவர் கீழே தனியாக மூச்சுவாங்கிக்கொண்டிருப்பார். நேற்று வரை அவர்களைச் சேர்த்துவைத்திருந்தது காற்று. ஏற்றத்தில் அதற்கு வேலை இல்லை.

சமதளத்தில் மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போகிறவரின் உழைப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு காற்றை விலக்குவதற்கே போய்விடுகிறது. காற்றின் எதிர்ப்பு, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். முன்னால் போகிறவர் அந்த எதிர்ப்பை வாங்கிக்கொள்வதால், நெருங்கிப் பின்தொடர்பவருக்கு ஏறக்குறையக் கால் பங்கு உழைப்பு மிச்சமாகும். முறைவைத்து முன்னும் பின்னும் மாறிக்கொண்டால் இருவருக்கும் லாபம்.

இப்போது 100 மீட்டருக்கு 8 மீட்டர் உயரும் ஒரு சாலையை எடுத்துக்கொள்வோம். ஒருவரின் உடல் எடை 60 கிலோ, மற்றவர் 80 கிலோ. ஆளுக்கு 15 கிலோ சைக்கிள், 10 கிலோ மூட்டை. இருவரும் பெடலில் செலுத்தும் திறன் ஒன்றுதான், 150 வாட். நிதானமாக, மணிக்கணக்கில் தொடரக்கூடிய உழைப்பு இது. மொத்தம் 85 கிலோவை மேலே தள்ளும் முதலாமவர் மணிக்குச் சுமார் 7.4 கி.மீ. வேகத்தில் ஏறுவார். 105 கிலோவைத் தள்ளும் நண்பருக்கு 6 கி.மீ. தான் கிடைக்கும். இந்த வேகத்தில் மொத்த எதிர்ப்பில் காற்றின் பங்கு நூற்றுக்கு ஒன்றோ இரண்டோதான். மற்றதெல்லாம் புவியீர்ப்பும், கொஞ்சம் டயரின் உராய்வும். முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு இங்கே எதையும் மிச்சப்படுத்த முடியாது. 1000 மீட்டர் உயரம் ஏறி முடிக்கும்போது இருவருக்கும் இடையே இருபது நிமிடத்துக்கு மேல் இடைவெளி விழுந்திருக்கும்.

நண்பரின் வேகத்துக்கு ஈடுகொடுக்க நினைத்துக் கனமானவர் முக்கினால், அவருக்கு 185 வாட் வேண்டும். பத்து நிமிடம் தாக்குப்பிடிப்பார். பிறகு பேச்சு நின்றுவிடும். பேச்சு நிற்பது நம்பத்தக்க அளவுகோல். முழு வாக்கியம் பேச முடிகிறவரை தசைகளுக்குப் போதிய ஆக்ஸிஜன் கிடைக்கிறது என்று பொருள். இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால், உடல் நீண்ட நேரம் தாங்காத எல்லைக்குப் போய்விட்டது. கூடவே ஒருவர் வருவதால் இந்தச் சோதனைக்குக் கருவியே தேவையில்லை.

சமதளத்தில் காற்று செய்த வேலையை மலையில் மூட்டை செய்யும். கூடாரம், பழுதுபார்க்கும் கருவிகள் என 5 கிலோவைக் கனமானவரிடமிருந்து மற்றவர் வாங்கிக்கொண்டால் வேகங்கள் 7.0, 6.3 என்று நெருங்கிவிடும், இடைவெளி பாதியாகும். 10 கிலோவையும் மாற்றினால் இருவரும் ஒரே வேகம். அந்த அளவுக்குத் தன்மானத்தை விட்டுக்கொடுக்க எந்த நண்பரும் சம்மதிக்கமாட்டார். ஆனால் 5 கிலோ பேசித் தீர்க்கக்கூடியது. பலரும் ஆளுக்குச் சரிபாதி என்று மூட்டையைப் பிரிக்கிறார்கள். நியாயமாகத் தெரியும் அந்தப் பங்கீட்டுக்கு இயற்பியலில் ஆதரவு இல்லை.

கியரைப் பொறுத்தவரை ஒன்றுதான்: மிதிக்கும் முன்பல்சக்கரத்தைவிடப் பின்சக்கரத்தின் மிகப்பெரிய பல்சக்கரம் பெரிதாக இருக்கட்டும். இரண்டும் சம அளவு என்றால் 6 கி.மீ. வேகத்தில் கால்கள் நிமிடத்துக்கு 48 சுற்றுதான் சுற்றும். ஒவ்வொரு மிதிக்கும் முழங்கால் விலைகொடுக்கும்.

சாப்பாட்டுக் கணக்கு சுவையானது. 85 கிலோவை 1000 மீட்டர் உயர்த்தச் சுமார் 834 கிலோஜூல் வேலை தேவை. தசைகள் உணவின் ஆற்றலில் நாலில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றும். ஒரு கிலோகலோரி என்பது 4.2 கிலோஜூல். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றையொன்று அடித்துவிடுவதால், கிலோஜூல் எண்ணையே உடல் எரிக்கும் கிலோகலோரியாகப் படித்துக்கொள்ளலாம். தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்தாகச் சேர்ந்திருப்பது 2000 கிலோகலோரிக்குள். கொழுப்பு ஏராளமாக இருந்தாலும் அது மெதுவாகத்தான் எரியும். ஆகவே பசி எடுக்கும் முன்பே கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டுக்கொண்டே ஏற வேண்டும்.

மீதி முக்கால் பங்கு வெப்பமாகிறது. 150 வாட் உழைப்புக்கு 450 வாட் வெப்பம். ஆற்றும் காற்றும் இல்லாததால் சட்டை நனைந்துவிடும். உச்சியில் நிலைமை தலைகீழ். 1000 மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி குளிர்ந்த காற்று, ஈரச் சட்டை, கால்களுக்கு வேலையில்லாத இறக்கம். முதலில் ஏறியவர் நண்பர் வரும்வரை காத்திருக்கும்போதே காற்றுபுகாத மேல்சட்டையைப் போட்டுக்கொள்வது நல்லது.

ஏறும்போது சேர்த்த 800 கிலோஜூலை இறங்கும்போது எங்காவது கொட்டியாக வேண்டும். காற்று கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், மிச்சம் பிரேக்குக்கு. 10 சதவீத இறக்கத்தில் 95 கிலோ எடையைப் பிரேக் பிடித்து மணிக்கு 15 கி.மீ.யில் நிறுத்திவைத்தால் பிரேக்கில் சுமார் 350 வாட் வெப்பம் இறங்கும். 40 கி.மீ.யில் அது 600 வாட்டைத் தாண்டும். அதற்கும் மேலே போனால் காற்றின் பங்கு கூடி, பிரேக்கின் சுமை மறுபடி குறையத் தொடங்கும். வேகமும் இல்லாமல் நிதானமும் இல்லாமல், பயத்தோடு பிரேக்கை அழுத்திக்கொண்டே இறங்கும் நடுத்தர வேகம்தான் பிரேக்குக்கு மிக மோசமானது. சக்கர விளிம்பை அழுத்தும் ரிம் பிரேக்கில் அந்தச் சூடு டியூபுக்குப் போய் வெடிக்க வைக்கலாம். எண்ணெயில் இயங்கும் டிஸ்க் பிரேக்கில் திரவம் கொதித்து, பிடி தொளதொளத்துப்போகலாம். வளைவுக்கு முன் அழுத்திப் பிடித்து, சாலை தெளிவாகத் தெரியும் இடத்தில் விட்டுவிட வேண்டும். நீண்ட இறக்கத்தில் இடையிடையே நிறுத்தியும் ஆற வைக்க வேண்டும். நிறுத்தியதும் டிஸ்க்கைத் தொட்டுப் பார்த்தால் விரல் கொப்பளிக்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தால் போதும். சீறினால் இன்னும் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசலாம்.