மொட் என்றால் தமிழில் என்ன?

போன மாதம் ஒரே கிழமையில் இந்தச் சொல் இரண்டு இடத்தில் என் காதில் விழுந்தது. கொழும்பில், பஞ்சிகாவத்தையில் காருக்குப் பக்கக் கண்ணாடி வாங்கப் போயிருந்தேன். பக்கத்தில் நின்ற ஓட்டோக்காரர் தன் வண்டியைத் தட்டிக் காட்டி, "இது கொம்பனி சீற் இல்லை அண்ணன், மொட் பண்ணினது" என்றார். இரண்டு நாள் கழித்து வெள்ளவத்தையில் அக்கா வீட்டில் மருமகன் கொம்பியூட்டரை என் பக்கம் திருப்பினான். "மாமா, இது டூம். ஆனா இந்த லெவல் கேமில இல்லை, ஆரோ செய்தது. மொட்." பிறகு கேட்டான்: "மொட் எண்டா தமிழில என்ன?" பள்ளிக்கூடத்தில் கட்டுரை எழுதக் கொடுத்திருக்கிறார்களாம். மாற்றம் என்று சொல்லித் தப்பப் பார்த்தேன். "அது சேஞ்ச் மாமா" என்றான். சரிதான்.

ஆங்கில 'மொடிஃபிகேஷன்' என்பதன் சுருக்கம்தான் மொட். முதலில் எழுத்தைப் பார்ப்போம். டொக்டர், கொம்பனி என்று எழுதுகிற நம் வழக்கப்படி இது மொட். டாக்டர், கம்பெனி என்று எழுதும் தமிழ்நாட்டு வழியில் போனால் மாட் என்று வரும். மாட்டுக் கொட்டில் ஞாபகம் வரும். அதற்குப் பயந்தோ என்னவோ மோட் என்று எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அது இன்னும் குழப்பம். கேம்களில் மோட் என்று வேறொரு சொல் இருக்கிறது: தனியாக ஆடும் மோட், பலர் சேர்ந்து ஆடும் மோட். அதற்குத் தமிழில் 'முறை' போதும். (மொட் என்று எழுதுவதிலும் ஆபத்து உண்டு. ஓர் உகரம் கூடினால் மொட்டு, கட்சிச் சின்னமாகிவிடும்.)

மோட், மொட் இரண்டுக்கும் தாய் ஒன்றுதான்: இலத்தீனில் 'மோடுஸ்', அதாவது அளவு, விதம். அதிலிருந்து பிறந்த 'மோடிஃபிக்காரே' என்ற வினைக்கு அளந்து நிறுத்துதல், அடக்கி வைத்தல் என்று பொருள். பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குள் வந்தபோதும் அந்த அடக்கும் பொருள் கூடவே வந்தது. ஓரளவு மாற்றுதல் என்ற இன்றைய பொருள் பிறகு ஏறியது. அடக்குவதற்கு இருந்த சொல், இன்றைக்கு அடங்காத பிள்ளைகளின் வேலைக்குப் பெயர்.

நம் 'மட்டு' என்ற சொல்லுக்கும் அளவு, எல்லை என்றே பொருள். 'மட்டுப்படுத்து' என்றால் அந்தப் பழைய இலத்தீன் வினை அப்படியே. ஓசையும் ஒத்துப்போகிறது என்பதற்காக மட்டிலிருந்துதான் மோடுஸ் போனது என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். இது தற்செயல்.

இனிக் கேமுக்கு வருவோம். வாங்கிய விளையாட்டைப் பிரித்து மேய்கிற பழக்கம் பழையது. 1981இல் ஆப்பிள் கணினிக்கு வந்த காசில் வோல்ஃபென்ஸ்டைனில் இருந்த நாட்சிச் சிப்பாய்களை நீக்கி, கார்ட்டூன் ஸ்மர்ஃபுகளை உள்ளே விட்டார்கள் அமெரிக்க மாணவர்கள் சிலர். அது மேலிருந்து பார்த்து ஆடும் விளையாட்டு. கண்ணுக்கு நேரே துப்பாக்கி நீட்டிக்கொண்டிருக்கும் வகையில் பெரிய திருப்பம் 1993 டிசம்பரில் டூம் வந்தபோது நடந்தது. அதற்கு முந்திய வருடம் வந்த வோல்ஃபென்ஸ்டைன் 3டியின் கோப்புகளை ஆட்கள் உடைத்துப் புதுத் தளங்கள், அதாவது லெவல்கள், செய்வதை இட் சொஃப்ட்வெயார் நிறுவனத்தின் ஜோன் கார்மாக் கவனித்திருந்தார். வழக்கமாக ஒரு நிறுவனம் பூட்டுப் போடும். அவர் கதவைத் திறந்துவிட்டார். விளையாட்டை ஓட்டும் இயந்திரம் வேறு, தளம், படம், சத்தமெல்லாம் அடங்கிய கோப்பு வேறு என்று டூமைப் பிரித்தார். அந்தக் கோப்புக்குப் பெயர் வொட். 'தரவெல்லாம் எங்கே?' என்ற ஆங்கிலக் கேள்வியின் முதலெழுத்துகள். மூலக் கோப்பைத் தொடாமல் இன்னொரு வொட்டை மேலே ஏற்றலாம், பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம்.

ஆனால் தளம் கட்டும் கருவியை நிறுவனம் கொடுக்கவில்லை. அதையும் ஆடுகிறவர்களே செய்தார்கள். நியூசிலாந்தில் இருந்த பிரெண்டன் வைபரும் பெல்ஜியத்தில் இருந்த ரஃபாயல் கினேயும் 1994 தொடக்கத்திலேயே ஒரு கருவியை வெளியிட்டுவிட்டார்கள். 1996இல் அதே நிறுவனத்தின் அடுத்த விளையாட்டான குவேக் வந்தபோது தளத்தோடு விதிகளையும் மாற்றிக்கொள்ள ஒரு நிரல்மொழியே கூட வந்தது. வால்வ் நிறுவனத்தின் ஹாஃப்-லைஃப் என்ற விளையாட்டின் மேல் இரண்டு பேர் கட்டி 1999இல் முதற்பதிப்பாக விட்ட கவுண்டர் ஸ்ட்ரைக், அடுத்த வருடம் அந்த நிறுவனத்தின் பெயரிலேயே கடைக்கு வந்தது. கொழும்பின் காலி வீதி ஒழுங்கைகளுக்குள் இருந்த நெட் கஃபேகளில், அதன் தளம் ஒன்றைக் கேட்டு "டஸ்ட் டூ போடு மச்சான்" என்று கத்தியவர்களில் எத்தனை பேருக்கு அது ஒரு மொட் என்று தெரியும்? எனக்குத் தெரியாது.

சரி, தமிழ்ச் சொல். முதலில் எல்லாரும் கைவைப்பது 'திருத்தம்'. எனக்கு அது பிடிக்கவில்லை. நம் ஊரில் திருத்தம் என்றால் ஒன்று அரசியலமைப்பு, பதின்மூன்றாவது திருத்தம். இல்லாவிட்டால் கராஜ், வாகனத் திருத்த வேலை. இரண்டிலும் பழுது இருக்கிறது, அதைச் சரிசெய்கிறோம் என்பதுதான் உட்பொருள். டூமில் பழுது இருக்கிறதென்று யாரும் புதுத் தளம் கட்டவில்லை. ஆடி முடிந்துவிட்டதே என்ற ஏக்கத்தில் கட்டினார்கள். நான் கண்ட ஓட்டோக்காரரும் சீற் பழுதென்று மாற்றியிருக்க மாட்டார்.

'திரிபு' எனக்கு ஒருகணம் ஆசை காட்டியது. புணர்ச்சியில் விகாரம் மூன்று: தோன்றல், திரிதல், கெடுதல். மொட்டுகளை இதைவிட அழகாக வகைபிரிக்க முடியாது. இல்லாத தளம் புதிதாகத் தோன்றும், சிப்பாய் ஸ்மர்ஃபாகத் திரிவான், பிடிக்காத ஆயுதம் கெடும். ஆனால் இன்றைய காதுக்குத் திரிபு என்றால் செய்தியைத் திரிப்பது. இல்லாவிட்டால் திரிந்த பால். விட்டுவிட்டேன்.

'ஒட்டு' நல்ல சொல். கறுத்தக்கொழும்பான் மா ஒட்டுக்கன்றைப் பார்த்தவர்களுக்கு மொட்டை விளங்கப்படுத்தத் தேவையில்லை: வேர் ஒருவருடையது, கிளை இன்னொருவருடையது, வேர் இல்லாமல் கிளை நிற்காது. ஹாஃப்-லைஃபே குவேக்கின் இயந்திரத்தை உரிமம் வாங்கி மாற்றியெடுத்து ஓடிய விளையாட்டு; அதன்மேல் கவுண்டர் ஸ்ட்ரைக். ஒட்டின்மேல் ஒட்டு. ஆனால் மென்பொருளில் ஓட்டை அடைக்க நிறுவனம் பின்னால் அனுப்பும் சிறு கோப்பைச் சொல்ல ஒட்டு வேண்டும். கிழிந்த சட்டைக்குப் போடுகிற அதே ஒட்டு. அதை இங்கே செலவழிக்க மனமில்லை.

ஆகவே என் தெரிவு 'மாற்றாக்கம்'. மொழியாக்கம்போல, மூலம் ஒன்று இருக்கிறது என்பதையும் புதிதாக ஒன்று ஆகியிருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்கிறது. செய்கிறவர் மாற்றாக்குநர். மூலத்தின் சுவடே தெரியாமல் எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் முழு மாற்றாக்கம். பேச்சில் மொட் என்றே சொல்லிக்கொள்ளுங்கள். "மாற்றாக்கம் போட்டிருக்கிறன் மச்சான்" என்று நானும் சொல்லப்போவதில்லை.

கூட வரும் சொற்களையும் பார்த்துவிடலாம். டூம் போன்ற விளையாட்டை 'முதல் நபர் சுடுதல்' என்று பெயர்ப்பது வரிசையில் முதலில் நிற்பவர் சுடுகிறார் என்பதுபோல இருக்கிறது. இலக்கணத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கை என்று நமக்கு இருக்கும்போது நபரை ஏன் எண்ணவேண்டும்? தன்மைநிலைச் சுடுவிளையாட்டு. லெவலுக்கு மட்டம் சரிவராது. மட்டமான கேம் என்று பொருள் போய்விடும். மேப்பை வரைபடம் என்பதும் பிழை, அது பார்க்கும் படமல்ல, நிற்கும் இடம். இரண்டுக்கும் 'களம்' பொருந்தும்.

களம் கட்டும் கருவியில் சுவருக்கும் நிலத்துக்கும் அடிப்படையான கட்டியை ஆங்கிலத்தில் தூரிகை என்கிறார்கள். ஏன் என்று கேட்காமல் நாம் 'பாளம்' என்போம். நானும் 2003 அளவில் பாளம் அடுக்கியிருக்கிறேன். ஹாஃப்-லைஃபுக்கான ஹமர் என்ற கருவியில் எங்கள் ஒழுங்கையைக் கட்டினேன்: ஒரு தலைப்பில் காலி வீதி, மறு தலைப்பில் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். இரவு முழுக்கக் கணக்குப் போடவிட்டுப் படுத்தால் காலையில் ஒற்றை வரி: லீக். இந்தக் களங்கள் எல்லாப் பக்கமும் மூடியிருக்கவேண்டும். வானம்கூட வானப்படம் ஒட்டிய கூரைதான். எங்காவது மயிரிழை இடைவெளி இருந்தால் எதற்குப் பின்னால் எது மறையும் என்று கணக்கிட முடியாது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வரையப்போய் ஆட்டம் இழுபடும். கருவி ஒரு சிவப்புக் கோடு போட்டுக் காட்டியது. ஒழுங்கை நடுவில் தொடங்கி, மாடிப்படி ஏறி, ரயில் பாதைக்கு மேலே வானத்தின் மூலையால் வெளியே போனது. அங்கே வானத்துக்கு வைத்த நான்கு பாளங்களில் ஒன்று ஒரு புள்ளி குட்டை.

இதற்குச் சொல் தேடவே தேவையில்லை. கொழும்பு மழையில் வீட்டுக்காரரிடம் நாம் முறையிடுகிற அதே ஒழுக்கு. கூரையில் இருப்பதும் பொருத்தம்.

மருமகன் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு போனான். "களத்தில் ஒழுக்கு இருந்தால் ஆட்டம் மெதுவாகும்" என்று ஒரு வசனம் எழுதியிருந்தான். கொப்பி திரும்பி வந்தபோது மாற்றாக்கத்தில் டீச்சர் கைவைக்கவில்லை. இந்த வசனத்தில் மட்டும் சிவப்பு மையில் ஒரு திருத்தம்: களத்தில் ஒழுக்கம் இருந்தால் ஆட்டம் மெதுவாகும்.