உள்ளே செருகிய குடலைத் தண்ணீர் விட்டுத் தள்ளுவது

ஏழெட்டு மாதக் குழந்தை, நன்றாக இருந்தது, திடீரென்று வீறிட்டு அழுகிறது, இரண்டு கால்களையும் வயிற்றோடு மடக்கிக்கொள்கிறது, முகம் வெளுத்துப்போகிறது. இரண்டு மூன்று நிமிடம்தான். அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல அடங்கிவிடும், கால் மணி நேரம் கழித்து மறுபடியும் அதே வீறிடல். நம் ஊரில் உரம் விழுந்திருக்கிறது, குடல் ஏறியிருக்கிறது என்று வயிறு தடவுகிற பாட்டியிடம் தூக்கிக்கொண்டு ஓடுவோம். பாட்டி எண்ணெய் தடவிக்கொண்டிருக்கும்போதே வலி தானாக அடங்கும், சரியாகிவிட்டது என்று நம்பி வீட்டுக்கு வந்துவிடுவோம். இங்கேதான் நேரம் கைவிட்டுப் போகிறது.

முழுக்கைச் சட்டையை அவசரமாகக் கழற்றினால் கைப்பகுதி தனக்குள்ளேயே மடிந்துகொள்ளும் அல்லவா, அதுபோலக் குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் நுழைந்துவிடுவதுதான் குடல் செருகல். பெரும்பாலும் சிறுகுடலின் கடைசிப் பகுதி பெருங்குடலுக்குள் போகும். அந்த இடத்தில் கிருமிகளை எதிர்க்கும் நிணநீர்த் திட்டுகள் அதிகம். ஏதாவது வைரஸ் தொற்றில் அவை வீங்கினால், குடல் அந்த வீக்கத்தையும் உணவுக் கவளம் என்றே எண்ணி முன்னே தள்ளுகிறது, கூடவே தானும் போய் மாட்டிக்கொள்கிறது. குடலுக்கு ரத்தக்குழாய்களைக் கொண்டுவரும் மடிப்பும் சேர்ந்தே இழுபடும். மெல்லிய சிரைகள் முதலில் நசுங்கும், தமனியோ ரத்தத்தைக் கொண்டுவந்து கொட்டிக்கொண்டே இருக்கும், வெளியேற வழியில்லாமல் குடல் வீங்கி, உட்சுவரிலிருந்து ரத்தமும் சளியும் கசிந்து, மலம் சிவப்பு ஜெல்லி மாதிரி வரும். இதைச் சீதபேதி என்று நினைத்துவிடுவதும் உண்டு. தயவுசெய்து இந்த ரத்தத்துக்காகக் காத்திருக்காதீர்கள். வலி, வாந்தி, ரத்த மலம் மூன்றும் பாதிக்கும் குறைவான குழந்தைகளிடம்தான் சேர்ந்து தெரியும். சில குழந்தைகள் அழக்கூடச் செய்யாமல் துவண்டு கிடக்கும்.

அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில் இது சட்டென்று தெரிந்துவிடும். வெங்காயத்தைக் குறுக்கே வெட்டியதுபோல வளையத்துக்குள் வளையம்.

சரி, எப்படி எடுப்பது? முதலில் டிரிப்ஸ் ஏற்றி, மூக்கு வழியாகக் குழாய் விட்டு வயிற்றைக் காலி செய்வார்கள். பிறகு ஆசனவாயில் ஒரு குழாயை வைத்து வெதுவெதுப்பான உப்பு நீரை விடுவார்கள். பம்பு எதுவும் வேண்டாம், பாட்டிலைக் குழந்தைக்கு மேலே சுமார் ஒரு மீட்டர் உயரத்தில் தொங்கவிட்டால் போதும், அந்த உயரமே 74 மி.மீ. பாதரச அழுத்தம் தரும். ஸ்கேன் திரையில் பார்த்தால் பெருங்குடல் கறுப்பாக நிரம்பிக்கொண்டே வரும், அந்த வெங்காய வளையம் மெல்ல மெல்லப் பின்வாங்கும், சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் வால்வில் வந்து பிடிவாதமாக நிற்கும். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருக்கும் இடம் அது. திடீரென்று வளையம் மறைந்து, நீர் சிறுகுடலுக்குள் பாய்ந்து, திரை தேன்கூடுபோல ஆனால் குடல் விடுபட்டுவிட்டது என்று அர்த்தம். நீருக்குப் பதில் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரேயில் பார்க்கும் முறையும் உண்டு; அதில் அழுத்தம் 120 மி.மீ. பாதரசத்தைத் தாண்டவிடமாட்டார்கள். சீக்கிரம் வந்தால் 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு இதுவே போதும், கத்தி படாது.

இந்த யோசனை பழையது. கோபன்ஹேகனில் குழந்தை மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்ப்ருங் 1876-லேயே நீர் அழுத்தத்தால் செருகலை எடுத்ததைப் பற்றி எழுதினார். எக்ஸ்ரே கூட இல்லாத காலம், வயிற்றைக் கையால் தொட்டுத்தான் பார்க்க முடியும். நினைத்தால் பிரமிப்பாக இருக்கிறது.

குடல் ஏற்கெனவே ஓட்டையாகியிருந்தாலோ, வயிற்றுக்குள் சீழ் பரவியிருந்தாலோ இந்த வேலையே செய்யக் கூடாது, நேராக அறுவை சிகிச்சைதான். நல்ல குடலிலும் நூற்றில் ஒன்று என்கிற அளவில் கிழிசல் வரலாம் என்பதால் அறுவை சிகிச்சை நிபுணர் தயாராக இருக்கும் இடத்தில்தான் செய்வார்கள். வயிற்றைத் திறந்தாலும் செருகிய குடலைப் பிடித்து இழுப்பதில்லை, இழுத்தால் கிழியும். பேஸ்ட் டியூபை அடியிலிருந்து பிதுக்குவதுபோல எதிர்முனையிலிருந்து பதமாகத் தள்ளி எடுப்பார்கள். அழுகிய பகுதி இருந்தால் வெட்டிவிட்டு இரு முனைகளையும் தைப்பார்கள்.

நீராலோ காற்றாலோ எடுத்த பிறகும் சுமார் பத்தில் ஒரு குழந்தைக்கு மறுபடி செருகும், அதிலும் முதல் இரண்டு மூன்று நாட்களில். வீட்டுக்கு வந்தபின் அதே மாதிரி விட்டுவிட்டு அழுதால் யோசிக்காமல் திரும்பிப் போங்கள். புது டாக்டர் என்றால், போன முறை குடல் செருகல் எடுத்தார்கள் என்பதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள்.