கபுகி முகத்தில் நிறம் பிசகாதது எப்படி?

1794-இல் ஜப்பானின் எடோவில் (இன்றைய டோக்கியோ) ஷராகு என்ற ஓவியர் வரைந்து, சுதாயா ஜூசாபுரோ வெளியிட்ட மரப்பலகை அச்சுப்படம் அது. கபுகி என்ற ஜப்பானிய நாடகத்தின் நடிகர் மூன்றாம் ஓதானி ஓனிஜி, எடோபெய் என்ற அடியாள் வேடத்தில், இரு கைவிரல்களையும் விரித்தபடி முறைக்கிறார். கறுப்புக் கோடுகளுக்கு ஒரு பலகை, ஒவ்வொரு நிறத்துக்கும் வேறு பலகை. அத்தனையும் ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக இறங்குகின்றன.

இதைச் சாத்தியமாக்குவது 'கென்தோ' என்ற இரண்டு சின்ன வெட்டுகள். பலகையின் ஒரு மூலையில் 'ட' போல மடங்கிய வெட்டு. அதே விளிம்பில் சற்றுத் தள்ளி நேர்வெட்டு. தாளின் மூலை முதல் வெட்டிலும், ஓரம் இரண்டாவதிலும் முட்டி நிற்கும்.

ஓவியரின் மெல்லிய தாளை செர்ரிப் பலகையில் குப்புற ஒட்டிச் செதுக்கினால் கோட்டுப் பலகை தயார். ஓவியம் அதோடு போய்விடும். கென்தோவையும் சேர்த்தே அதிலிருந்து கறுப்பில் சில பிரதிகள் எடுப்பார்கள். எந்த நிறம் எங்கே என்று அவற்றில் குறித்து, நிறத்துக்கு ஒன்றாகப் புதுப் பலகைகளில் ஒட்டிச் செதுக்குவார்கள். வெட்டு எல்லாப் பலகையிலும் ஒரே இடத்தில் விழுவது இதனால்தான்.

இவ்வளவையும் கெடுக்க ஈரம் ஒன்று போதும். கோஸோ என்ற காகித மல்பெரிச் செடியின் நாரில் செய்த தாளுக்குப் படிகாரமும் வச்சிரப் பசையும் கலந்த கரைசலைப் பூசியிருப்பார்கள். இல்லாவிட்டால் சாயம் ஊறிப் பரவும், தேய்க்கும்போது நார் எழும்பும். அந்தத் தாளை ஈரமாக்கி அடுக்கி வைத்த பிறகே அச்சு. ஏறத்தாழ 39 × 26 செ.மீ. தாள் நடுவேலையில் காய்ந்து 1 மி.மீ. சுருங்கினாலும் நிறம் கோட்டைத் தாண்டிவிடும். பலகையும் ஈரத்தில் உப்பும். அப்போது கென்தோவை இழைபோலச் சீவியோ, மரச்சிம்பு வைத்தோ சரிசெய்ய வேண்டியதுதான்.

சாயத்தோடு கொஞ்சம் அரிசிப் பசையைப் பலகையிலேயே தூரிகையால் கலந்து பரப்பி, தாளை வைத்து, முதுகுப்பக்கம் 'பாரென்' வட்டால் அழுத்தித் தேய்ப்பார்கள். மூங்கில் பாளையை முறுக்கிச் சுருட்டி, மேலே பாளையாலேயே உறை போட்ட கருவி அது. பசை குறைந்தால் நிறம் எள் தூவியதுபோலப் புள்ளிபுள்ளியாக விழும்.

எடோபெய்யின் பின்னணியில் கருமையாக மினுங்குவது காக்காப்பொன் (மைக்கா). பசை பிடித்து நிற்கும் துகள் என்பதால் விரல் உரசினாலே உதிரும். பழைய பிரதிகளில் முகம் தெளிவாக இருந்தும் பின்னணி திட்டுத்திட்டாகத் தேய்ந்திருப்பது அதனால்தான்.