ரிமோட் டெஸ்க்டாப் மறுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியவை

சில மாதங்களுக்கு முன் ஒரு தணிக்கை அலுவலகத்தின் கணக்காளர் இரவு ஒன்பது மணிக்கு என்னை அழைத்தார். ஜிஎஸ்டி தாக்கலுக்கு மறுநாள் கடைசி நாள். வீட்டிலிருந்து அலுவலகக் கணினிக்குள் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக நுழைய முடியவில்லை. “தினமும் காலையில இதைத்தான் சார் போடுறேன்” என்றார். அவர் சொன்னது உண்மைதான். ஆனால் அவர் தினமும் போட்டது நான்கு இலக்க பின் எண், கடவுச்சொல் அன்று.

பின் எண், முகம், விரல்ரேகை ஆகியவற்றால் கணினிக்குள் நுழையவிடும் விண்டோஸ் வசதிதான் விண்டோஸ் ஹலோ. அதன் பின் எண் அது அமைக்கப்பட்ட கணினிக்கு மட்டுமே உரியது. வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் உள்ள வழக்கமான அமைப்பில், தொலைவிலிருந்து நுழைபவரிடம் விண்டோஸ் கேட்பது கணக்கின் கடவுச்சொல்லையே. அதைச் சரியாகத் தட்டியும் அவருக்கு வழி திறக்கவில்லை. மைக்ரோசாஃப்ட் கணக்கைப் பின் எண்ணோடு மட்டும் பயன்படுத்தி வந்தால், அதன் கடவுச்சொல்லை அந்தக் கணினி ஒருமுறைகூடக் கண்டிருக்காது. நேரில் ஒருமுறை கடவுச்சொல்லால் நுழைந்த பிறகே தொலைவிலிருந்தும் அது ஏற்கப்படும். உள்நுழைவு அமைப்புகளில் ‘விண்டோஸ் ஹலோ மட்டும்’ என்ற தெரிவு இயக்கத்தில் இருந்தால், கடவுச்சொல் இடும் வாய்ப்பே திரையில் தோன்றாது. அதை முதலில் அணைக்க வேண்டும்.

பயனர் பெயரிலும் இதே குழப்பம் நேர்கிறது. திரையில் காணும் முழுப்பெயர் பல நேரம் கணக்கின் உண்மையான பெயர் அன்று. அலுவலகக் கணினியில், கட்டளைகளைத் தட்டும் சாளரமான கமாண்ட் பிராம்ப்டில் ‘ஹூஆம்ஐ’ (whoami) என்பதை ஆங்கிலத்தில் இடைவெளியின்றித் தட்டினால், கணினியின் பெயரும் பின்சாய்வுக்கோடும் பயனர் பெயரும் சேர்ந்து வரும்; அதை அப்படியே எழுதிவைத்துக்கொண்டு முழுமையாக இடுவதே பாதுகாப்பான வழி. கடவுச்சொற்களைச் சேமித்துவைக்கும் விண்டோஸின் கிரெடென்ஷியல் மேனேஜரில் பழைய கடவுச்சொல் தங்கியிருந்தாலும் இதே மறுப்பு வரும் என்பதால், அந்தப் பதிவை நீக்கிவிட்டு முயலுங்கள். கண்மூடித்தனமாக மீண்டும் மீண்டும் தட்டாதீர்கள்: விண்டோஸ் 11-இன் 22எச்2 முதலான புதிய நிறுவல்களில், இயல்பான அமைப்பின்படி பத்து முறை தவறினால் கணக்கு பத்து நிமிடங்களுக்குப் பூட்டப்படும். அந்த நேரத்தில் சரியான கடவுச்சொல்லும் செல்லாது.

எனக்கு உண்மையில் கவலை தருவது, அவசரத்தில் செய்யப்படும் ‘தீர்வுகள்’. தொலைவிலிருந்து இணைபவரை, இணைப்பு முழுமையாகத் திறக்கும் முன்பே யாரென்று சரிபார்க்கும் நெட்வொர்க் லெவல் ஆதென்டிகேஷனை அணைத்துவிடுமாறு அவருக்கு யாரோ ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். 2019 மே மாதம் ரிமோட் டெஸ்க்டாப்பில் ‘புளூகீப்’ என்ற குறைபாடு வெளிவந்தபோது, ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் திருத்தம் வெளியிட்டது. கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே வர வழிவிட்ட குறைபாடு அது. நெட்வொர்க் லெவல் ஆதென்டிகேஷன் இயக்கத்தில் இருந்த கணினிகளில், தாக்குபவருக்கு முதலில் செல்லுபடியாகும் ஒரு கணக்கு தேவைப்பட்டது. அத்தகைய தடுப்பை ஓர் இரவின் வசதிக்காக அகற்றுவதும், ரிமோட் டெஸ்க்டாப் இணைப்புகள் வரும் வாயிலான 3389 போர்ட்டை இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவிடுவதும் வாடிக்கையாளர்களின் கணக்குகளையே வெளியே வைப்பதாகும்.

மாடியில் குடியிருக்கும் முதலாளியிடம் கடவுச்சொல்லைச் சொல்லி, அவரையே உள்ளே நுழையச் சொல்லலாமா என்று அவர் கேட்டார். வேண்டாம் என்றேன். பத்து நிமிடத் தொலைவுதான். வண்டியில் போய், ‘விண்டோஸ் ஹலோ மட்டும்’ என்ற தெரிவை அணைத்து, தம் கடவுச்சொல்லால் தாமே நுழைந்தார். அன்றைய வேலையை அங்கேயே முடித்துவிட்டார். மறுநாள் மாலை வீட்டிலிருந்து அதே கடவுச்சொல்லைத் தட்டியபோது, அலுவலகக் கணினியின் திரை முதல் முயற்சியிலேயே திறந்தது.