மஞ்சள் விலையைக் காதால் படிக்க

ஈரோட்டில் மஞ்சள் ஏலம் முடிந்தால், விரலி மஞ்சள் என்ன விலை, கிழங்கு மஞ்சள் என்ன விலை என்று செல்போனிலேயே பார்த்துவிடலாம். கோபிப் பக்கம் மஞ்சள் போட்டிருக்கும் பார்வையற்ற விவசாயியும் அதைப் பிறர் உதவியின்றிப் படிக்க முடியுமா? அந்த இணையப் பக்கத்தை எழுதியவர் கையில்தான் இருக்கிறது.

பார்வையற்றவர்களுக்காகத் திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் மென்பொருள்தான் திரைவாசிப்பான். அது திரையைப் பார்ப்பதில்லை. பிரவுசர் பக்கத்தை வரையும்போதே, அது எழுதப்பட்டிருக்கும் எச்.டி.எம்.எல். குறிகளை வைத்து உள்ளுக்குள் ‘அணுகல் மரம்’ ஒன்றையும் கட்டுகிறது; பக்கத்தின் உறுப்புகளைக் கிளை கிளையாக அடுக்கிய பட்டியல் அது. அதில் நிறமும் அலங்காரமும் கிடையாது. ஒவ்வோர் உறுப்பின் பெயர், வகை, இப்போதைய நிலை, இவைதான் முக்கியம். ஆண்ட்ராய்டின் டாக்பேக், கம்ப்யூட்டரில் ஓடும் என்.வி.டி.ஏ. போன்ற திரைவாசிப்பான்கள் பெரும்பாலும் இந்த மரத்தைத்தான் பேச்சாக்குகின்றன. என்.வி.டி.ஏ. இலவசமானது, ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் 2006இல் எழுதத் தொடங்கியது. அவரும் பார்வையற்றவர்.

விலைப்பட்டியலைப் போட்டோ எடுத்து ஏற்றினால் மரத்தில் ‘படம்’ என்று ஒரே ஒரு கிளைதான் இருக்கும். அட்டவணையாக எழுதி, தலைப்புக் கட்டங்களைத் தலைப்பு என்றே குறித்தால் கதை மாறுகிறது. அம்புக்குறி விசையால் கட்டம் கட்டமாக நகரும்போது, “விரலி, அதிகபட்ச விலை” என்று சொல்லிவிட்டுத்தான் எண்ணைப் படிக்கும். தலைப்பு இல்லாவிட்டால் வெறும் எண்களாகக் கொட்டும். எது விரலி, எது கிழங்கு என்று எப்படிப் பிரிப்பது?

தமிழுக்கென்று தனிச் சிக்கலும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் ‘அம்மா’ என்று தெரிவது, உள்ளே எம், கே, அரைப்புள்ளி, கே, எச். திரைவாசிப்பானுக்குப் போய்ச் சேர்வதும் அதுதான். ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடு முறையில் எழுதி, பக்கத்தின் மொழி தமிழ் என்றும் குறித்தால்தான் சரியான குரல் வரும்.

மங்கலான பார்வை உள்ளவர்களுக்கு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான வெளிச்ச வேறுபாடு முக்கியம். சாதாரண எழுத்துக்கு அது குறைந்தது 4.5:1 இருக்க வேண்டும் என்கிறது சர்வதேச வழிகாட்டி. வெள்ளைமேல் பளிச்சென்ற மஞ்சளுக்கு 1.07:1தான் வரும். மஞ்சள் விற்கும் தளமானாலும் எழுத்தை மஞ்சளில் போடாதீர்கள்.

தளம் நடத்தும் திருப்பூர் பனியன்காரர்கள் இன்றே ஒரு சோதனை செய்யலாம். மவுஸை ஒதுக்கிவிட்டு, கீபோர்டை மட்டும் வைத்து, டேப் விசையால் ஒவ்வோர் இடமாக நகர்ந்து ஓர் ஆர்டரை முடித்துப் பாருங்கள். கை நடுக்கத்தால் மவுஸ் பிடிக்க முடியாதவர்களுக்கும் அதுதான் வழி. ‘வாங்கு’ என்பது வெறும் படமாக இருந்தால் டேப் அதைத் தாண்டிப் போய்விடும். அதையே பட்டன் குறியால் எழுதினால், டேப் அங்கே நிற்பதும் என்டர் தட்டினால் வேலை செய்வதும் பிரவுசரின் பொறுப்பாகிவிடும்.